குளத்துக் காவலும் செல்லத்துரையும்

பூங்காவனம் என்ற மந்திக்கு மகனைப் பற்றித்தான் கவலை. செல்லத்துரை ஆளாகி வளர்ந்து நிற்கிறான். இன்னும் அம்மா பறித்துப் போடுவதைத்தான் தின்கிறான். தின்றதும் தூங்கிவிடுகிறான்.

"பிள்ளைக்கு அசதி" என்பாள் அவள். என்ன செய்து அசந்தான் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் காட்டுக்கு ஒரே குளம். குளத்துக்குள் ஒரு முதலை. கரையிலிருந்த அத்திமரத்தில் காவல்குரங்கு ஒன்று உட்கார்ந்து, முதலை எங்கே கிடக்கிறது என்று பார்க்கும். அது "வரலாம்" என்றால்தான் மற்ற விலங்குகள் தண்ணீரில் வாய் வைக்கும். கூலியாக அந்த மரத்துப் பழமெல்லாம் காவலுக்கு இருப்பவனுக்கே. கண் மங்கிப்போனதால் பழைய காவல்குரங்கு வேலையை விட்டுவிட்டது.

சேதி தெரிந்ததும் பூங்காவனம் கரடியிடம் ஓடினாள். கரடிக்குத் தன் முதுகு தனக்கு எட்டாது. அதில் உண்ணி பொறுக்குவது எப்போதும் இவள்தான்.

"அண்ணே, காவலுக்கு ஆள் வைக்கிற யானையார் உங்க பேச்சைத் தட்டமாட்டாரு. நம்ம செல்லத்துரைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"அவன் பகல்லயே தூங்குவானே, தங்கச்சி!"

"பொறுப்பு வந்தா முழிச்சுக்குவான் அண்ணே! கொஞ்சம் இப்படித் திரும்புங்க, இடுப்புல ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு."

கரடி திரும்பியது. சுகமாக இருந்தது. கண் சொருகியது. எழுந்து நேரே யானையிடம் போனது.

"தெரிஞ்ச பையன். தங்கமான குடும்பம்" என்றது.

இலுப்பைப்பூ எங்கே உதிர்ந்து கிடக்கிறது என்று யானைக்குச் சொல்வது கரடிதான். அதனால் யானை மறு பேச்சுப் பேசவில்லை. மரங்கொத்தியும் அந்த வேலையைக் கேட்டு வந்திருந்தது. நல்ல கூர்மையான கண் அதற்கு. ஆனால், "நீ யாருக்கு வேண்டியவன்?" என்று யானை கேட்டபோது சொல்ல ஒரு பெயர் இல்லை.

வேலை செல்லத்துரைக்கே கிடைத்தது.

மறுநாள் நல்ல வெயில். நாக்கு வறண்டு எல்லா விலங்குகளும் கரையில் கூடின. செல்லத்துரை கிளையில் சாய்ந்துகொண்டு, "முதலை இல்ல! வாங்க, வாங்க!" என்றான்.

யானை தும்பிக்கையை உயர்த்தியது. "நில்லுங்க! புதுக் காவல். யார் சிபாரிசோ அவங்கதான் முதல் வாய் குடிக்கணும். அதுதான் வழக்கம்."

கரடி நைசாகப் பின்னால் போனது. "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. பச்சைத்தண்ணி ஆகாது. பெத்தவ இருக்கும்போது நான் முந்தினா நல்லாவா இருக்கும்?"

எல்லார் கண்ணும் பூங்காவனத்தின் மேல். அவள் மெல்ல இறங்கினாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாசி மூடி, அடியில் இருப்பது எதுவும் தெரியவில்லை.

"கண்ணு, நல்லாப் பாத்தியாடா?"

"பாத்தேம்மா!"

"கண்ணைத் தொறந்தா பாத்த?"

காட்டுப்பன்றி உருண்டு உருண்டு சிரித்தது. மானுக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் குட்டி தாகத்தில் துவண்டு நின்றது. "ஏம்மா, எங்களை மட்டும் உன் பிள்ளையை நம்பிக் குடிக்கச் சொல்ற. நீ நம்ப மாட்டியா?" என்று மான் கேட்டது.

பூங்காவனம் தண்ணீரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மகன் கொட்டாவி விட்டான்.

ஒரே தாவு! மரத்து உச்சிக்கே போய்விட்டாள். அங்கிருந்து பார்த்தால், அவள் குனிய இருந்த இடத்திலேயே, பாசி விலகிய இடுக்கில் நீளமாக ஒரு முதுகு!

"முதலை! ஓடுங்க, ஓடுங்க!"

முதலை வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. வெறும் சேறுதான் கிடைத்தது. கோபத்தோடு அது குளத்தின் அக்கரைக்குப் போன பிறகே எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள்.

"இவனை இறக்குங்க! மரங்கொத்தியைக் காவலுக்கு வைங்க!" என்று மான் கத்தியது.

யானை தொண்டையைச் செருமியது. "நான் கொடுத்த வேலையை நானே பிடுங்கினா என் மரியாதை என்னாகிறது? வேலை அவன் பேர்லயே இருக்கட்டும். பூங்காவனம், உனக்கு நல்ல கண்ணு. இனிமே மேலே நீயே உட்காரு!"

"பாத்தியா தங்கச்சி, என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு!" என்றது கரடி.

அன்றிலிருந்து பூங்காவனம் உச்சிக்கிளையில், கொளுத்தும் வெயிலில், கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கீழே நிழலில் செல்லத்துரை படுத்திருக்கிறான். விழிப்பு வந்தால் குரல் கொடுப்பான்:

"அம்மா, பழுத்ததாப் பாத்துப் போடு!"

பிள்ளைக்குச் செய்யத் தெரியாத வேலையைத் தெரிந்தவர்களைப் பிடித்து வாங்கிக் கொடுத்தால், கடைசியில் அந்த வேலையைப் பெற்றவளே செய்ய வேண்டியிருக்கும்.