நாற்பத்தோராவது இலக்கணம்

"டீச்சர், மூணு மாசமா நான் ஒரு அடிகூட நகரலை" என்றார் சொர்ணம்.

போரூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே கொரிய மொழி வகுப்பு. குருவான ரெஹானாவுக்கு வயது இருபத்தேழு, சிஷ்யை சொர்ணத்துக்கு அறுபத்திரண்டு. அதில் இருவருக்கும் சங்கடம் ஒன்றும் இல்லை.

"யார் சொன்னது?"

சொர்ணம் நோட்டைப் பிரித்து வைத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"வார்த்தை ஆயிரத்துத் தொள்ளாயிரம். இலக்கணம் அறுபத்தொண்ணு. இடைநிலைப் பரீட்சையும் பாஸ். ஆனா இதப் பாருங்க."

கடைசிப் பக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது. ஞாயிறுதோறும் தென்கொரியாவின் பூசானில் இருக்கும் கொரியச் சம்பந்தியம்மாவோடு போனில் பேசிய நேரம். நாலு நிமிடம். நாலு நிமிடம். நாலேகால். மறுபடியும் நாலு.

"அடுத்த மாசம் மருமகளுக்குப் பிரசவம். நான் அங்க போறேன். அவளும் என் மகன் பூபதியும் வேலைக்குப் போயிட்டா, பகல் பூரா குழந்தையோட நானும் சம்பந்தியம்மாவும்தான். நாலு நிமிஷத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இன்னும் ஐந்நூறு வார்த்தை குடுங்க. மனப்பாடம் பண்ணிடறேன்."

பண்ணியும் விடுவார்.

"பேசினதை ரெக்கார்டு பண்றீங்கதானே ஆன்ட்டி?"

"நிமிஷம் பாக்கத்தான். கேட்டதில்லை. என் குரல் எனக்கே கூச்சமா இருக்கும்."

ரெஹானா கை நீட்டினார். சொர்ணம் மனசே இல்லாமல் போனைக் கொடுத்தார்.

போன ஞாயிறு பேசியது ஓடியது. சம்பந்தியம்மா மெதுவாகத்தான் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொர்ணத்தின் குரல், "நே, நே" என்றது. கொரியனில் நே என்றால் ஆமாம். நாம் கதை கேட்கும்போது ம் கொட்டுவோமே, அந்த மாதிரி கொட்டிக்கொண்டே போனார்.

நாலாவது நிமிடத்தில் ரெஹானா நிறுத்தினார்.

"இப்ப எதுக்கு ஆமான்னீங்க?"

"எதுக்குன்னா... அவங்க பேசினாங்க. நான் ஆமான்னேன்."

அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். சொர்ணம் தலையாட்டினார், புரிந்த மாதிரி.

மறுபடியும் ஓட்டினார்.

"கடைசியில 'ஜோ'ன்னு முடிச்சாங்களே, அது என்ன?"

"நம்ம 'தானே' மாதிரி. கேள்வி. நாற்பத்தோராவது இலக்கணம், நோட்டுல இருக்கு."

"நோட்டுல இருக்கு" என்றார் ரெஹானா. நான்காவது முறையாக ஓட்டினார்.

இந்த முறை சொர்ணத்தின் காதில் விழுந்தது.

'என்னோட பேசறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதானே?'

'நே, நே' என்று சிரித்த குரல் அவருடையதுதான். அதன் பிறகு சம்பந்தியம்மா சின்னக் குரலில், 'சரி, பூபதிகிட்ட குடுக்கறேன்' என்று சொல்லியிருந்தார்.

சொர்ணத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று. பாவம் அந்த மனுஷி என்று நினைத்தார். தன்மேல் கோபம் கோபமாக வந்தது.

"எல்லா வாரமும் கேட்டாங்களா?"

ரெஹானா முந்தின வாரத்துப் பதிவைத் தேடினார்.

"வேண்டாம்" என்று சொர்ணம் போனைப் பிடுங்கிக்கொண்டார். பூசானுக்கு அழைத்தார்.

"இன்னிக்கு புதன்கிழமை ஆன்ட்டி."

"இருக்கட்டும்."

அழைப்பை எடுத்த சம்பந்தியம்மா பதறிப்போய், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். சொர்ணம் அவரை முடிக்க விடவில்லை. சம்பந்திக்குக் கொரியனில் சாதோன் என்று நேர்ச்சொல்லே இருக்கிறது. முதல் முறையாக அதைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சாதோன், கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் போனை வைக்காதீங்க."

எதிர்முனையில் சம்பந்தியம்மா நீளமாக, வேகமாக, மூச்சு விடாமல் ஏதோ சொன்னார்.

சொர்ணத்தின் வாய் நே என்று திறந்தது. மூடிக்கொண்டார்.

"புரியலை" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."