ஒன்பதாவது காசின் விலை

"இந்த வாரம் ஒண்ணுமே இல்ல, டீச்சர்" என்றார் கோமதிநாயகம்.

ஜெய்த்தூன் தலையைத் தூக்கவில்லை. யாருடைய ரேஷன் கார்டோ ஜெராக்ஸ் மெஷினுக்குள் படுத்திருந்தது.

கோமதிநாயகத்துக்கு வயது அறுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெய்த்தூனுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆனால் பழைய காசு என்று வந்துவிட்டால் அவள்தான் அவருக்கு ஆசான். ஒரு காசைச் சுண்டிவிட்டு, சத்தத்தை வைத்தே வெள்ளியா கலப்பா என்று சொல்லிவிடுவாள்.

அவரும் ஒன்றரை வருஷமாகப் பாடம் கேட்கிறார். சுண்டக் கற்றுக்கொண்டார். எடை பார்க்கக் கற்றுக்கொண்டார். வருஷத்துக்குக் கீழே, காசு அடித்த ஊரைச் சொல்லும் பொடிப் புள்ளியை லென்ஸ் வைத்துத் தேடக் கற்றுக்கொண்டார். கற்றதைப் பீற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் இன்னும் கற்கவில்லை.

"என்ன இல்ல?" என்றாள் ஜெய்த்தூன்.

"நம்ம குத்தாலலிங்கம் பழங்காசுக் கடையிலதான். எட்டு திங்கக்கிழமையா அந்த ஓரத் தட்டுல ஒவ்வொரு வெள்ளி ரூவா கெடந்துச்சுல்லா? எல்லாம் எழுநூத்துச் சொச்சம். உருக்கினாலே ரெண்டு மடங்கு போவும். இன்னைக்கும் திங்கக்கிழமைதான். தட்டுல வெறும் நிக்கல் காசு கெடக்கு. பாவம், அந்த மனுஷனுக்கு இப்பந்தான் வெல தெரிஞ்சிருக்கும்போல."

"பாவமா?"

"ஏமாளின்னு சொல்ல வேண்டாமேன்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை.

"எட்டையும் கொண்டு வந்திருக்கீங்களா?"

கேட்டிருக்கவே வேண்டாம். எட்டு வாரமாக அவை அவர் சட்டைப் பையில்தான் குடியிருந்தன. பேங்க் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவருக்குக் காட்டுவார். பின்னால் நிற்பவருக்கும் காட்டுவார்.

மெஷினின் கண்ணாடி மேல் எட்டு காசையும் வைத்தார்.

ஜெய்த்தூன் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாவற்றிலும் ராஜா தலை மேலே வந்தது.

"தலைக்கு மேல பாருங்க."

ஒவ்வொரு காசின் விளிம்பிலும் ஒரு சின்னச் சொரசொரப்பு.

"பத்த வச்ச தழும்பு" என்றார் அவர். "வளையம் இருந்து எடுத்திருக்காங்க. கழுத்துல போட்ட காசு. தழும்பு இருந்தா வெல கொறையும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"எட்டுலயும் ஒரே எடத்துல இருக்கு. ஒரே ஆசாரி கை. அப்போ ஒரே கழுத்துல கெடந்தது."

"இருக்கட்டுமே."

"யாரு கழுத்து?"

"அதைத் தெரிஞ்சு நான் என்ன செய்யப்போறேன், டீச்சர்? வருஷம் தெரிஞ்சாச்சு. எடை தெரிஞ்சாச்சு. வெல கொறைச்சல். அதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் காசுகளை வளைவாக அடுக்கினாள். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் நாலு. நடுவில் ஒரு காசு அகலத்துக்கு இடம் விட்டாள்.

"நடுவுல ஒண்ணு வரணும்."

கோமதிநாயகம் அந்த வெற்றிடத்தையே பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"எங்கம்மாகிட்டயும் இந்த மாதிரி ஒண்ணு உண்டு" என்றார். "ஒம்பது காசு. நடுவுல பன்னி ரூவா."

பன்றி ரூபாய் என்றால் காசு சேர்க்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். 1911-இல் அடித்தது. ராஜாவின் அங்கியில் யானை ஒன்று செதுக்கியிருந்தார்கள். தும்பிக்கை குட்டையாகிப்போனதில் அது பன்றி மாதிரித் தெரிந்தது. ஜனங்கள் முகம் சுளிக்க, சர்க்கார் மறுவருஷமே யானையைச் சரிசெய்துவிட்டது. பத்து வயதிலிருந்தே கோமதிநாயகத்துக்கு அந்த நடுக்காசின் மேல்தான் கண். சுற்றியிருந்த எட்டும் என்ன வருஷம் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இப்ப அது எங்க?"

"தங்கச்சிகிட்ட."

அந்த ஒரு சொல்லை அவர் துப்புகிற மாதிரிதான் சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனாள். பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்தபடியே அவர் மாலையைக் கேட்டார். "அம்மா அவ கையாலயே எனக்குப் போட்டுவிட்டா, அண்ணே" என்றாள் உலகம்மை. பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். அந்த மாலை என் கைக்கு வராமல் உன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று, ஊர் கேட்கச் சொன்னார். சொன்னபடியே நடந்தும் காட்டினார்.

போன மாதம் உலகம்மை மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். கல்யாணம் இந்த வியாழக்கிழமை என்று பிறகு ஊரார் வாயால் தெரிந்தது. உலகம்மைக்குக் கூடப்பிறந்தது இவர் ஒருவர்தான். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று மணமேடையில் நிற்க வேறு ஆள் கிடையாது.

இதையெல்லாம் ஜெய்த்தூன் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், தன் பக்கம்தான் நியாயம் என்கிற தோரணையில்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "சீட்டு இருக்கா?"

"என்ன சீட்டு?"

"வெலச் சீட்டு. காசு போட்டுத் தர்ற உறை மேல ஒட்டியிருக்குமே."

இருந்தது. எவ்வளவு மலிவாகப் பிடித்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா? எட்டையும் உரித்துப் பத்திரமாக பர்ஸில் வைத்திருந்தார்.

ஒவ்வொரு காசுக்கு அடியிலும் ஒரு சீட்டை வைத்தாள். பிறகு காசுகளை மட்டும் அள்ளி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

கண்ணாடி மேல் சீட்டுகள் மட்டும் கிடந்தன.

"வாசிங்க, அண்ணாச்சி."

"எழுநூத்தி முப்பது. எழுநூத்தி அறுவது. எழுநூத்தி..."

"நம்பர் எனக்கும் தெரியும். நாள் பூரா நான் அடுத்தவங்க எழுத்தைத்தான் படம் எடுக்கேன். குத்தாலலிங்கம் பில்லு எத்தனையோ இங்க வந்திருக்கு. அவரு ஏழு இப்படிப் போட மாட்டாரு."

அவர் குனிந்தார்.

ஏழின் காலில், நடுவில், ஒரு சின்னக் குறுக்குக் கோடு.

எட்டு சீட்டிலும் அதே கோடு.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

உலகம்மைக்கு ஆறு வயது. அவள் எழுதும் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியார் முட்டியில் அடித்து அனுப்பினார். அழுதுகொண்டு வந்தவளின் விரலைப் பிடித்து, ஏழின் காலில் கோடு போட்டுக் காட்டியவர் இவர்தான். "இனிமே ஒரு பய தப்புன்னு சொல்லட்டும் பாப்போம்" என்றார் அன்றைக்கு. அவருக்கு அப்போது பதினொன்று.

அந்தக் கோட்டை எட்டு திங்கட்கிழமை கையில் வாங்கியிருக்கிறார். எட்டு தடவையும் விலையை மட்டும் பார்த்திருக்கிறார்.

"விக்காளா?" என்றார். "கல்யாணச் செலவுக்கு அம்மா மாலையை ஒவ்வொண்ணா விக்காளா? நான் பாதி வெலைக்கு... டீச்சர், நான் பாதி வெலைக்கு அள்ளிட்டு வந்து ஊர் பூரா காட்டியிருக்கேனே!"



அவர் ஓடினார். செருப்பு அங்கேயே கிடந்தது.

குற்றாலலிங்கம் கடை அதே தெருவில், ஆறு கடை தள்ளி. கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"யாருவே வித்தது? அந்த எட்டு ரூவாயும் யாரு கொண்டாந்தா?"

குற்றாலலிங்கம் பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார்.

"அப்பாடா" என்றார். "இன்னைக்காவது கேட்டியளே!"

"எங்க உலகம்மையா?"

"அவங்கதான். ஆனா விக்கல."

"விக்கலன்னா?"

"சும்மா குடுத்தாவ. வாரத்துக்கு ஒண்ணா, வெலையையும் அவங்களே எழுதி. கையில குடுத்தா எங்கண்ணன் தூக்கி எறிஞ்சிருவாவ, மலிவாக் கெடந்தா விடமாட்டாவன்னாவ. வெலையை ஏத்தி எழுதவான்னு கேட்டேன். ஏத்தினா எடுக்க மாட்டாவ, ரொம்பக் கொறைச்சா சந்தேகப்படுவாவ, எங்கண்ணனை எனக்குத் தெரியாதா, இதுதான் சரின்னு எழுநூத்துச் சொச்சம் எழுதினாவ."

கோமதிநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் குடுத்த ரூவா?"

"எனக்குக் கூலின்னுட்டாவ. தொடவே இல்ல." குற்றாலலிங்கம் கொஞ்சம் நெளிந்தார். "எட்டு வாரமா சும்மா வந்த துட்டு, அண்ணாச்சி. நான் எதுக்கு வாயைத் தொறக்கேன்? நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல."

ஏமாளி என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. யாரைச் சொன்னோம் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. காதெல்லாம் சுட்டது.

"இந்த வாரம் ஏன் வைக்கல?"

குற்றாலலிங்கம் மேஜை டிராயரைத் திறந்து ஓர் உறையை எடுத்தார்.

"இதை மட்டும் தட்டுல போடக்கூடாதுன்னாவ. யாரோடதுன்னு எங்கண்ணன் ஒரு தடவை கேக்கட்டும், அன்னைக்குக் குடுங்க. வியாழக்கிழமை வரைக்கும் பாருங்க. கேக்கலன்னா நானே வந்து எடுத்துக்கிடுதேன், அதுக்கப்புறம் அது எனக்கு அண்ணன் இல்லாத வீட்டுக் காசுன்னாவ."

அவர் உறையை வாங்கினார்.

உள்ளே ராஜா. ராஜாவின் அங்கியில் அந்தக் குட்டைத் தும்பிக்கை யானை. ஐம்பது வருஷமாக ஏங்கியது உள்ளங்கையில் கிடந்தது. லென்ஸ் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

உறை மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

பிறகு உறையை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

ஜெய்த்தூனின் கடை வாசலுக்கு அவர் திரும்பி வந்து நின்றபோது கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஒம்பதாவது இருந்துச்சா?" என்றாள் அவள்.

"இருந்துச்சு."

"பன்னி ரூவாயா?"

"பன்னி ரூவாதான்."

"எங்க?"

"எடுக்கல."

"ஏன்?"

"வெல ஜாஸ்தி, டீச்சர்."

"எவ்வளவு போட்டிருக்கு?"

அவர் குற்றாலலிங்கம் கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை. காலை ஏழுக்கு மேல், எட்டுக்குள்." விரலால் காற்றில் ஓர் ஏழு போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "கீழே மண்டபத்துப் பேரு."

ஜெய்த்தூன் மூடியிருந்த கையைத் திறந்தாள். எட்டு காசையும் அவர் கையில் கொட்டினாள். இத்தனை நேரம் அவள் கைக்குள் கிடந்ததில் அவை கதகதப்பாக இருந்தன.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" என்றார் அவர். "நாலு வருஷம். பத்திரிகையைப் பிரிக்காமத் திருப்பி அனுப்பினேன். சம்பந்தி வீட்டு ஆளுக முன்னாடி எப்படிப் போயி நிப்பேன்? மொதல்ல ஒரு ஆளை அனுப்பிப் பேசச் சொல்லலாமா? இல்லன்னா மாலையைக் கோத்துக் குடுத்துவிட்டுட்டு, கல்யாணம் முடிஞ்சப்புறம் ஒருநாள் சாயங்காலமா..."

ஜெய்த்தூன் குனிந்து அவருடைய செருப்பை எடுத்தாள். தெருவைப் பார்த்துத் திருப்பி, அவர் காலடியில் போட்டாள்.

"அண்ணாச்சி" என்றாள், "இதுக்குமா பேரம் பேசுதீங்க?"