கண்டக்டர் தங்கப்பிரகாசத்தின் ஐந்து துண்டுச் சொல்

“சொல்லு உடையுது டீச்சர். ஒட்ட மாட்டேங்குது” என்றார் தங்கப்பிரகாசம்.

கும்பகோணம்–ஜெயங்கொண்டம் பஸ்ஸில் இருபத்தேழு வருஷமாகக் கண்டக்டர். சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டி வேலைக்கு மனு போட்டிருந்தார். மறுநாள் காலை இன்டர்வியூ. கங்கைகொண்டசோழபுரம் கோயிலைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி சொல்ல வேண்டும்.

மூன்று வரி வந்துவிட்டது. நாலாவதில் ‘இன்காம்பரபிள்’ என்று ஒரு பாழாய்ப்போன சொல். ஈடு இணையில்லாதது என்று அர்த்தமாம். போன வருஷம் இதே சொல்லில் தடுக்கி விழுந்து, கேள்வி கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள். மனுஷனுக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் டீச்சருக்கு அவருடைய மகள் வயது. பலகையில் அந்தச் சொல்லைப் பிரித்து எழுதியிருந்தாள். இன், காம், ப, ர, பிள். அழுத்தம் இரண்டாவது துண்டில்.

துண்டு துண்டாகச் சொன்னால் அச்சு அசலாக வரும். சேர்த்துச் சொன்னாலோ ‘இன்கம்பேர்’ என்று பாதியில் நின்றுவிடும்.

டீச்சர் பலகையை அழித்தாள்.

“உங்க பஸ் எத்தனை மணிக்கு அண்ணே?”

மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பாடமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முன்சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண். எங்கே இறங்கணும் என்று கேட்டதற்கு, “கங்கா... கொண்டா...” என்று திணறினாள். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துபோயிற்று.

தங்கப்பிரகாசத்துக்கு வந்ததே ஒரு கோபம்.

“என்னய்யா சிரிப்பு? ராஜா வச்ச பேரு. எடுத்த எடுப்புல வந்துடுமா?”

தோல்பையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். கங்கை. கொண்ட. சோழ. புரம். அவள் தப்பாகச் சொன்னபோதெல்லாம் தலையாட்டி, திரும்பவும் முதலிலிருந்து தட்டினார்.

அணைக்கரைப் பாலம் தாண்டும்போது முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சிரித்த பஸ் கைதட்டியது. கோயிலையே தான்தான் கட்டினவர் மாதிரி தங்கப்பிரகாசம் நாலா பக்கமும் பார்த்தார்.

ஊர் வந்தது. மரங்களுக்கு மேலே கோயில் விமானம் தெரிந்தது. படியில் இறங்கின பெண் அதைக் காட்டி, அவ்வளவு நன்றாக இருக்குமா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“இன்காம்பரபிள், மேடம்.”

சொன்ன பிறகுதான் தங்கப்பிரகாசத்துக்கே உறைத்தது. விசில் கொடுக்க மறந்து நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் பின்சீட்டுக்குப் போனார்.

“டீச்சர், இப்ப நான் பிரிச்சுச் சொன்னேனா, சேர்த்துச் சொன்னேனா?”

“கோயிலைச் சொன்னீங்க அண்ணே.”