ஊதுகுழலும் உப்பு மாங்காயும்

மஞ்சணத்திக்கோட்டைப் பாளையத்தை ஆண்ட வன்னியமுத்து ராசா நல்லவர்தான். ஆனால் அவ்வப்போது ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் சேவல், ஒரு வருஷம் ஆளுயரப் பட்டம். அடுத்து வந்தது ஊதுகுழல். மற்றதையெல்லாம் ஊர் தாங்கிக்கொண்டது. இது ஊரையே குத்தியது.

கொண்டுவந்து கொடுத்தவர், கீழ்க்கடல் தீவுகளுக்குக் கப்பல் விடும் காசிம் மரைக்காயர். கறுத்த மரம், ஆளைவிட நீளம், உள்ளே நூல் பிடித்தாற்போல் ஒரே துளை.

"அந்தத் தீவுக் காட்டுல மர உச்சியில இருக்குற குரங்கை இதை வச்சுத்தான் அடிக்கிறாங்க மகாராசா. ஈர்க்குச்சி மாதிரி ஊசி. வால்ல பஞ்சுருண்டை. பஞ்சு துளையை அடைச்சுக்கும், மூச்சு ஒழுகாது. ஒரே ஊது! பக்கத்துக் குரங்குக்குக்கூடச் சத்தம் கேக்காது."

"அட, நம்ம வேட்டைக்காரங்க புறா அடிக்கிற சுங்குத்தான் குழல்தானே இது!"

"அதுக்கு இது அண்ணன் மகாராசா."

போதாதா? அன்றைக்கே ஊத ஆரம்பித்துவிட்டார் ராசா. மூச்சு நல்ல மூச்சு. குறிதான் எங்கேயோ போயிற்று. கிளியைப் பார்த்து ஊதினார். சமையற்காரர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பனங்காயைப் பார்த்து ஊதினார். புரோகிதர் குடுமியில் ஊசி ஆடிக்கொண்டு நின்றது.

தளவாய் கொண்டையராசுதான் எப்போதும் முதலில் கைதட்டுவார். படைக்குத் தலைவர், முகஸ்துதிக்கும் தலைவர்.

"ஆகா! குடுமியில இருந்த பேனையே கொன்னுட்டீங்களே மகாராசா!"

சபை முழுக்கக் கைதட்டும். புரோகிதரும் தட்டினார், பாவம்.

தட்டாதவர் ஒரே ஒருவர். ராசாவுக்கு யோசனை சொல்லும் நல்லபெருமாள் பிள்ளை. அவர் மேல் தளவாய்க்கு வெகுநாள் காய்ச்சல். இதுதான் சமயம் என்று ராசாவின் காதில் ஓதிவிட்டார்.

"ஓய் பிள்ளை," என்றார் ராசா. "என் குறி மேல உமக்கு நம்பிக்கை இல்லையாமே?"

"குறி மேல இருக்கு மகாராசா. ஊசி மேலதான் இல்லை. அது யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குது."

ராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக் காலையில உம்ம தலையில எலுமிச்சம்பழத்தை வச்சு ஊதித் தள்ளுறேன். நான் ஊதுற வரைக்கும் பழம் அசையக்கூடாது. அசைஞ்சுதோ, நீர் பாளையத்தை விட்டே போயிரணும்!"

எலுமிச்சம்பழத்துக்கு ஒரு ஆபத்தும் வராது. அது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பழத்துக்குக் கீழே இரண்டு கண் இருக்கிறதே! அதை நினைத்துத்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. பிள்ளை தலையில் பழத்தோடு நின்றார். ராசா ஊசியைச் செருகினார். குழலை வாயில் வைத்தார். கன்னம் பணியாரமாக உப்பியது.

பிள்ளை மெதுவாக மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு பச்சை மாங்காய்! நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் அப்பியது.

நறுக்!

"ஸ்ஸ்ஸ்... ஆ!" ஒரு கண்ணை மூடி, சப்புக்கொட்டினார் பிள்ளை.

ராசாவின் வாயில் குபுக்கென்று தண்ணீர் ஊறியது. ஊறியதெல்லாம் குழலுக்குள் இறங்கியது. பஞ்சு நனைந்து கனத்துவிட்டது. ராசா ஊதினார். புஸ்! ஊசி குழல் நுனியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொத்தென்று மண்ணில் விழுந்தது.

குழலைத் துடைத்து, வேறு ஊசி செருகினார்கள். மறுபடியும் நறுக்! மறுபடியும் புஸ்!

"பிள்ளை! திங்கிறதை நிறுத்தும்!"

"பழந்தானே அசையக்கூடாதுன்னு உத்தரவு மகாராசா? நல்லாப் பாருங்க, அசையவே இல்லை."

தளவாய் துள்ளினார். "நாயனக்காரர் எதிர்ல உக்காந்து புளி திங்கிற கல்யாண வீட்டுக் குறும்பு மகாராசா இது!" ஓடிவந்து, மிச்ச மாங்காயைப் பிடுங்கிக்கொண்டார். "இப்ப ஊதுங்க!"

பிள்ளை கும்பிட்டார். "நியாயந்தான். ஆனா பயத்துல எனக்கு உடம்பு நடுங்குது. பழம் உருண்டு விழுந்துரும். மகாராசா குறி மேல முழு நம்பிக்கை உள்ளவர் யாராச்சும் பக்கத்துல நின்னு பழத்தைப் பிடிச்சுக்கிட்டா தேவலை."

"தளவாயை விட்டா வேற யாரு! பிடியும் தளவாய்!"

"மகாராசா... லாயத்துல குதிரைக்கு உடம்பு சரியில்லை..."

"பிடியும்!"

தளவாய் இரண்டு விரலால் பழத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பை எட்டின மட்டும் தள்ளி வைத்துக்கொண்டார். குழல் உயர்ந்தது. அதன் நுனி பழத்தைப் பார்த்தது, பிள்ளையின் காதைப் பார்த்தது, அப்படியே நகர்ந்து தளவாயின் மூக்குக்கு நேரே வந்து நின்றுகொண்டது. ராசா மூச்சை இழுத்தார்.

நறுக்!

எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளையின் வாய் மூடியிருந்தது.

தளவாய்தான்! இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, மாங்காய் மொத்தத்தையும் வாயில் திணித்து நறநறவென்று மென்றுகொண்டிருந்தார். "ஸ்ஸ்ஸ் ஆ! ஸ்ஸ்ஸ் ஆ!" முறுக்கு மீசையிலிருந்து மாங்காய்ச் சாறு வடிந்தது.

புஸ்! ஊசி மண்ணில் விழுந்தது.

"தளவாய்! நீருமா?" என்று கத்தினார் ராசா.

தளவாய்க்கு வாய் நிறைய மாங்காய். பிள்ளை பணிவாகச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க மகாராசா. உங்க குறி மேல எனக்கு இருக்குற நம்பிக்கைதான் அவருக்கும். என்ன, நான் சதையோட நிறுத்திக்கிட்டேன். அவர் கொட்டையையும் விடலை!"

ராசா குழலைக் கீழே போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் அரண்மனை மாந்தோப்பைப் பிள்ளைக்கே எழுதிவைத்தார்.