பவுடர் பூசிய கியர்பாக்ஸ்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மயிலாத்தாளுக்குப் பயம். போஜன் ஐயாவை டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, மேட்டுப்பாளையம் கடைவீதி நெரிசலில் காரை உருட்டிக்கொண்டு வந்தபோது, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எண்ணெய் ஒழுகுது என்றால் எந்த எண்ணெய் என்பார்கள். பின்பக்கம் என்றால் எவ்வளவு பின்னால் என்பார்கள். முன்பு வேறொரு பட்டறையில் அவள் ஒன்று சொல்ல, அவர்கள் வேறொன்றைக் கழற்றிப்போட, கார் பழைய நிலைக்குத் திரும்பப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வாங்கும்போதே பழைய கார். அதை வைத்துத்தான் கோத்தகிரிக்கும் கீழே மேட்டுப்பாளையத்துக்குமாக வாடகை ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்று ஒரு முடிவோடு வந்திருந்தாள். இந்த ஒழுகல் நிற்காவிட்டால், இனி என்னால் முடியாது என்று போஜன் ஐயாவிடம் சொல்லிவிடுவது. ஐயாவுக்கு வேறு வண்டி கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பார் என்று மற்ற டிரைவர்கள் அவரை ஏற்றுவதில்லை. டயாலிசிஸுக்கு வராமல் போனால் அவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். இறக்கத்தில் கியர் கைவிட்டால் இரண்டு பேரும் என்ன ஆவார்கள் என்பதும் தெரியும். நினைத்து நினைத்தே ஓய்ந்து போயிருந்தாள்.

பட்டறைக்காரர் துரைக்கண்ணு அவளைவிட இளையவர். ஆனாலும் மலைப்பாதையில் ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதனால் அவள் அவரை வாத்தியார் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

"வாங்கக்கா. மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?"

"மறுபடியும் ஒழுகுதுங்க வாத்தியாரே."

"எது?"

மயிலாத்தாள் ஒழுகலைத் துடைத்த துணியை நீட்டினாள். அவர் மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"கியர் ஆயில். சரி. காலைல வண்டி எடுக்கறப்ப கீழ சொட்டு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. மலை ஏறி நிறுத்தினாத்தான். சூட்டோட சொட்டுதுங்க."

"இவ்வளவு தெளிவாச் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு அழுகற மாதிரி நிக்கறீங்க?"

காரைப் பட்டறைக் குழிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். துரைக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கியர்பாக்ஸ் முழுக்க எண்ணெயும் தூசியும் களிம்பாக அப்பியிருந்தது. திருப்பூர் பனியன் கழிவுத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, அவசரமில்லாமல் துடைத்தார்.

"ஒழுகற எடத்தைப் பாக்காம எதுக்குங்க பூராத்தையும் தொடைக்கறீங்க?"

"பூராவும் ஈரமா இருந்தா எந்த எடத்தைப் பாக்கறது?"

துடைத்து, காய்ந்ததும், ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கியர்பாக்ஸ் மேல் தூவினார். மல்லிகை வாசனை வந்தது.

"இதென்னங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி!"

"எங்க வீட்டுக்காரி தேடிட்டிருப்பா. சொல்லிடாதீங்க. எண்ணெய் எங்க பொறப்படுதோ, அங்க பவுடர் மொதல்ல நனையும்."

காரை எடுத்துக்கொண்டு கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடம்வரை போனார்கள். அவள் ஓட்டினாள். அவர் வசதியாகப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். வெயில் கொளுத்தியது. அவர் கண்ணாடியை இறக்கக் கையை நீட்டினார். கதவில் கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடி இல்லை.

"எங்கீங்க இது?"

"நாந்தான் கழட்டி வெச்சிருக்கேன். அந்த ஐயா எறக்கிவுட்டுடறாரு. காத்து அடிச்சுச் சளி கட்டினா அந்த ஒடம்பு தாங்குங்களா?"

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். 

"வாத்தியாரே, நீங்க பயப்படவே மாட்டீங்களா?"

"பயப்படுவேன்."

"அப்புறம் எப்படிங்க எறக்கத்துல ஓட்டறீங்க?"

"ரெண்டாவது கியர்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் நெசமாத்தான் கேக்கறேன். ராத்திரி படுத்தாலும் அந்தச் சொட்டுத்தான் கண்ணுக்குள்ள வருது. பயமில்லாம இருக்க ஒரு வழி சொல்லக் கூடாதுங்களா?"

"வண்டியத் திருப்புங்க, பாக்கலாம்."

திரும்பி வந்து குழிமேல் நிறுத்தினார்கள். அவளும் குனிந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பவுடரில், கியர்பாக்ஸின் பின்கோடியில், எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தைச் சுற்றி மட்டும் ஈரம் கோடாக இறங்கியிருந்தது.

"சீல் போச்சு! நெனச்சேன். மாத்திடுங்க."

"போன மாசந்தானே மாத்தினேன்?"

"அதுவும் போயிருச்சு போல."

"அது போகலைங்கக்கா." அவர் குழிக்குள் நின்றபடி சீலைத் தடவிப் பார்த்தார். "சீலோட ரப்பர் உதடு நல்லா இருக்குது. இதை யாரோ உள்ளயிருந்து தள்ளறாங்க."

"கியர்பாக்ஸுக்குள்ள யாருங்க இருக்கறாங்க!"

"அதைத்தான் கேக்கப் போறேன்."

மேலே ஏறி வந்தார். காருக்குள் குனிந்து மிதியடியை விலக்கி, கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பரைத் தூக்கினார். கியர்பாக்ஸின் தலைப்பக்கம் விரலால் துழாவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினார்.

புஸ் என்று சத்தம் வந்தது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த பெருமூச்சு போல அது கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருந்தது.

நகக்கண்ணில் ஒட்டியிருந்ததை அவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"எலுமிச்ச வாசனை வருது. துணி சோப்புங்களா?"

மயிலாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்களா வெச்சீங்க?"

"நீங்க சீல் மாத்திக் குடுத்தீங்கல்ல... இனி ஒரு சொட்டுகூட வெளிய வரக் கூடாதுன்னு, எல்லாப் பக்கமும் பாத்தேன். அங்க ஒரு சின்ன ஓட்டை. சுத்தியும் எண்ணெய் ஈரம். இதையும் வுடக் கூடாதுன்னு அடைச்சுட்டேன். லாரிக்காரங்க டீசல் டேங்க் ஒழுகினா சோப்புத்தானுங்களே வெக்கறாங்க?"

"வெக்கறாங்க."

"அப்புறம்?"

"அது ஒழுகற ஓட்டை. இது மூச்சு வுடற ஓட்டை. வண்டி சூடாகறப்ப உள்ள இருக்கற காத்து இது வழியாத்தான் வெளிய போகணும். போக வழியில்லீன்னா என்ன பண்ணும்? சீல் வழியா எண்ணெயத் தள்ளிட்டு வரும்."

"அப்ப ஒழுகினது... நான் அடைச்சதாலயா?"

துரைக்கண்ணு மெல்லிய கம்பியால் ஓட்டையைக் குடைந்து சோப்பு முழுவதையும் எடுத்தார். குழிக்குள் இறங்கிப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, எண்ணெய் வாய்வரை நிரம்பி வழியும்வரை ஊற்றி மூடினார். மறுபடி துடைத்தார். மறுபடி பவுடர் தூவினார். மறுபடி அதே ஏற்றத்துக்குப் போய் வந்தார்கள். 

குனிந்து பார்த்தார்கள். மண்தூசி படிந்திருந்தது. ஈரம் இல்லை. மல்லிகை வாசனை அப்படியே இருந்தது.

மயிலாத்தாள் பட்டறைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இனி ஒழுகவே ஒழுகாதுங்களா?"

"வயசான வண்டி. என்னைக்காவது ஒழுகும்."

"அன்னைக்கு?"

"கொண்டு வாங்க. பவுடர் இருக்குது."

"அந்த ஓட்டைய அப்படியே தொறந்தா வுடறது? தண்ணி போகாதா, தூசி போகாதா?"

"மேல ரப்பர் இருக்குது. அது போதும்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"ஒழுகினா பயப்படறேன். ஒழுகாம இருக்க ஒண்ணு பண்ணினா, அதுவே ஒழுக வெக்குது. நான் பத்திரமா இருக்கணும்னா என்னதானுங்க பண்றது வாத்தியாரே?"

முழங்கைவரை கறுத்திருந்த இரண்டு கைகளையும் துரைக்கண்ணு அவள் முன்னால் நீட்டினார்.

"மிச்சச் சோப்பு வெச்சிருக்கீங்கல்ல? குடுங்க. கை கழுவணும்."

அவள் எழுந்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். காகிதத்தில் சுற்றிய சோப்புத் துண்டு இருந்தது. அதன் பக்கத்தில் கழற்றிப்போட்ட கைப்பிடியும் கிடந்தது. சோப்பை எடுத்துக் கொடுத்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினாள். கறுப்பு நுரை வழிந்து வெள்ளை நுரை வரும்வரை அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். துண்டு கரைந்து காசளவாகிப் போனது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் போஜன் ஐயா கையில் பஞ்சு ஒட்டி, துவண்டுபோய் உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் கார்க் கதவைத் திறந்தாள். அவரை ஏற்றுவதற்கு முன்னால் குனிந்து, பின்கதவில் கண்ணாடி இறக்கும் அந்தக் கைப்பிடியைச் செருகி, திருகாணியை இறுக்கினாள்.