சிவப்பு ஒயர் சொன்ன பதில்

போடிநாயக்கனூரில் ஒரு டீசல் பிக்கப் வண்டி இருந்தது. வயது இருபத்திரண்டு. விடிந்ததும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலை ஏறும். சாயங்காலம் அவர்களைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்து விடும். வண்டிக்குச் சொந்தக்காரரும் டிரைவரும் பொம்மையன்தான்.

அந்த வண்டிக்குள் ஒரு சிவப்பு ஒயர் குடியிருந்தது. பேட்டரியிடமிருந்து மின்சாரத்தை வாங்கி, சாவி போடும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அங்கிருந்துதான் ஹெட்லைட், வைப்பர், ஹாரன், என்ஜினுக்கு டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டு என்று எல்லோருக்கும் பங்கு போகும். பெரிய குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமை ஒயருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒயருக்குள் முப்பது செம்பு இழைகள். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஒரு ஓட்டை. அதற்குள் ஒயர் வளைந்து நுழைய வேண்டும். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த வளைவில் வலிக்கும். இருபத்திரண்டு வருஷக் குலுக்கலில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோய், மூன்றுதான் மிச்சம் இருந்தன. அவற்றிலும் பச்சையாகக் களிம்பு ஏறிவிட்டது. மேலே இருந்த சிவப்புத் தோலில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நேற்றுத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் தெரியும்.

பகலில், சமவெளியில், மூன்று இழையே போதுமாக இருந்தது. மலையில் மூடுபனி இறங்கும்போதுதான் சங்கடம். லைட் போட வேண்டும், வைப்பர் போட வேண்டும், வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டினால் மூன்று இழை என்ன செய்யும்? சூடாகித் தவித்து, ஒரு நொடி கையை விட்டுவிடும். லைட் மங்கும். என்ஜின் இருமும். மறு நொடி எல்லாம் சரியாகிவிடும்.

முதல் தடவை அப்படி ஆனபோது சோலனாய்டு கேட்டது. "அண்ணே, இப்ப ஒரு நொடி ஒண்ணுமே வரலையே. உங்களுக்கு உடம்புக்கு எதுவும் முடியலையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். பேட்டரிக்குத்தான் வயசாயிருச்சு" என்றது ஒயர்.

சோலனாய்டு நம்பியது. அண்ணன் சொன்னால் அது எதையும் நம்பும்.

பொம்மையன் வண்டியை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அல்லாபிச்சையிடம் கொண்டுபோனார். அல்லாபிச்சை கையில் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தார். பேனா அளவுக்கு ஒரு கைப்பிடி, அதற்குள் குன்றிமணி போல ஒரு பல்பு. ரொம்ப மரியாதையான ஆள் அது. ஒயரின் முனையைத் தொட்டு, "இருக்கீங்களா?" என்று கேட்டது.

"இருக்கேன்" என்றது ஒயர்.

லேம்ப் எரிந்தது. அதற்குத் தேவை ஒரு சிட்டிகை மின்சாரம். மூன்று இழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"ஒயரிங் நல்லாருக்கு பொம்மையா. பேட்டரிதான் வேலையக் காட்டுது" என்றார் அல்லாபிச்சை. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள்.

பத்து நாளில் மறுபடியும் மூடுபனியில் என்ஜின் இருமியது. மறுபடியும் டெஸ்ட் லேம்ப் வந்து, "இருக்கீங்களா?" என்றது. மறுபடியும் ஒயர், "இருக்கேன்" என்றது. இந்தத் தடவை பழி சோலனாய்டின் தலையில் விழுந்தது. ஸ்பேனர் கழுத்தைப் பிடித்ததும் சோலனாய்டு பதறியது.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. நீங்க குடுத்து நான் என்னைக்காவது வாங்காம இருந்திருக்கேனா?"

ஒயர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன்னை உருவிப் போட்டுவிடுவார்கள் என்று அதற்குப் பயம். புது சோலனாய்டை மாட்டிவிட்டு, பழையதைக் கழித்த சாமான் டப்பாவில் போடும் சத்தம் கேட்டது. ஒயருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பேசாமல் இருந்தது. வெட்கம் வேறு, தைரியம் வேறு.

அடுத்த வாரம் ஒரு காலை. மலையில் பாதி ஏறியாகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல் பனி. வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கிவந்தது. பொம்மையன் லைட்டைப் பெரிசாக்கி, ஹாரனை அழுத்தினார். வைப்பர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் பல்லைக் கடித்துப் பார்த்தது. முடியவில்லை.

என்ஜின் நின்றது. என்ஜின் நின்றால் பிரேக்கும் கெட்டித்துப்போய், மிதித்தாலும் லேசில் பிடிக்காத வண்டி அது. பன்னிரண்டு பேரோடு வண்டி பின்னோக்கி நழுவியது. பொம்மையன் எழுந்து நின்று இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். விளிம்புக்கு இரண்டு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. பெண்கள் குதித்து இறங்கி, ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

யாரும் யாரையும் திட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவளான வீருசின்னம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொம்மையண்ணே, உங்க மேல குத்தம் சொல்லல. வீட்ல எனக்கு ரெண்டு பிள்ளைக கெடக்கு. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க ஏற மாட்டோம்."

பொம்மையன் "சரிம்மா" என்றார்.

தகட்டு ஓட்டையில் கிடந்த ஒயருக்கு எல்லாம் கேட்டது. தன்னை உருவிப் போடுவார்கள் என்று பயந்ததே, அது எவ்வளவு சின்னப் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தது.

பட்டறையில் மூன்றாவது தடவையாக டெஸ்ட் லேம்ப் வந்தது. "இருக்கீங்களா?"

"நான் நல்லா இல்ல. மூணு இழைதான் மிச்சம். அவர்கிட்டச் சொல்லு."

லேம்ப் எரிந்தது. எரிந்துகொண்டே தயங்கியது. "எனக்குப் புரியுதுங்க. ஆனா நான் எரிஞ்சுட்டேனே. எரிஞ்சா நல்லாருக்குன்னுதான் அவர் எடுத்துக்குவார்."

"அப்ப எரியாதே."

"என்னால முடியாதுங்க. நான் கேக்கிறதே அவ்வளவு கொஞ்சம். அந்தக் கொஞ்சம் உங்ககிட்ட இன்னும் இருக்கே."

அல்லாபிச்சை லேம்பை மேஜைமேல் வைத்தார். "ஒயரிங்ல ஒண்ணுமில்லப்பா. அடுத்து சாவி சுவிட்ச மாத்திப் பாப்போம்."

பொம்மையன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பாய், எதை வேணா மாத்துங்க. ஆனா கீழ இருக்கிறப்ப இந்த வண்டி ஒரு நாளும் நின்னதில்ல. லைட்டு, வைப்பரு, ஹாரனு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டாத்தான் நிக்குது."

அல்லாபிச்சை திரும்பிப் பார்த்தார். "இதை ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"வண்டி எப்ப நின்னுச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே பாய்."

அல்லாபிச்சை மேஜை இழுப்பறைக்குள் துழாவி ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தார். அதற்கு இரண்டு துண்டு ஒயர் கட்டி, டெஸ்ட் லேம்ப் தொட்ட அதே முனையில் மாட்டினார்.

ஹெட்லைட் பல்புக்கு மரியாதை தெரியாது. இருக்கிறாயா, சௌக்கியமா என்றெல்லாம் அது கேட்கவில்லை. "குடு" என்றது.

ஒயர் கொடுத்தது.

"இன்னும் குடு."

மூன்று இழையும் கொதித்தன. பல்பு வெளிச்சமாக எரியவில்லை. ஊதுபத்தி முனைபோலச் சிவந்தது. அல்லாபிச்சை தகட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒயரைப் பிடித்து லேசாக ஆட்டினார். பல்பு அணைந்தது.

"முடியல" என்றது ஒயர். இருபத்திரண்டு வருஷத்தில் அது அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"அட, இங்கதான் இருக்கியா" என்று அல்லாபிச்சை பிளேடால் சிவப்புத் தோலைக் கீறினார். பச்சைத் தூளும் அறுந்த இழைகளும் உள்ளங்கையில் உதிர்ந்தன. பொம்மையனிடம் நீட்டினார். "மேல பாத்தா புது மாப்பிள்ளை. உள்ள பாரு. இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா ஓடுச்சு?"

பழைய ஒயரை முழுசாக உருவி எடுத்து, அதைவிடத் தடித்த ஒயர் ஒன்றை இழுத்தார். பொம்மையன் லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கால் மணி நேரம் என்ஜினை ஓடவிட்டார். ஒன்றும் மங்கவில்லை. வெளியே வந்து போனை எடுத்தார். "வீருசின்னு, கோளாறு தெரிஞ்சுருச்சும்மா. நாளைக்குக் காலைல வாங்க."

உருவிய ஒயர் கழித்த சாமான் டப்பாவில் போய் விழுந்தது. அடியில் கிடந்த சோலனாய்டு திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"அண்ணே, நீங்களுமா?"

"ஆமா தம்பி."

"உங்களை எதுக்குக் கழட்டினாங்க?"

ஒயர் உள்ளதைச் சொன்னது. "யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொன்னேன். அதுக்கு."

சோலனாய்டு யோசித்துப் பார்த்தது. "அப்ப என்னை எதுக்குக் கழட்டினாங்க?"

"அதுக்குத்தான்."