வளையாத ராஜா

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நாம் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஒரு சொல்லின் மேல் பித்துப் பிடித்தது. கப்பலில் வந்த பாதிரியார் அவரை லத்தீனில் ‘ரேக்ஸ்’ என்று அழைத்துவிட்டார். அரசன் என்று பொருளாம். ‘நேராக நடத்து’ என்ற வேரில் பிறந்த சொல்லாம்.

பாதிரியார் அதோடு நிறுத்தியிருக்கலாம். “இடத்துக்கு இடம் அது வளையும், மகாராஜா. ‘அரசனை’ என்றால் ரேகெம்” என்றார்.

“நேர் என்று பிறந்த சொல் வளைவதா? இனி அதை வளைக்கும் நாக்கு அறுக்கப்படும்!”

பாதிரியார் அன்றே கப்பலேறினார். அவரிடம் பாடம் கேட்ட இருவர் மிஞ்சினார்கள். பாயில் உட்கார்ந்து கேட்டவர் வாகீசப் பண்டிதர். வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டவள் விகடகவி காத்தாயி. அவள் குலத்தில் எழுத்தறிந்த முதல் ஆள். அவளுக்குச் சபையில் ஆசனம் கிடைத்ததிலிருந்து பண்டிதருக்குச் சோறு இறங்கவில்லை.

“அரசே, ரேக்ஸின் வேற்றுமைகள் யாவும் நாளைச் சபையில் ஒலிக்கக் காத்தாயி வழி செய்யட்டும். இல்லையேல் ஆசனம் விட்டு இறங்கட்டும்” என்றார் பண்டிதர்.

“ஆகட்டும்” என்றார் ராஜா.

சொன்னால் நாக்குப் போகும். சொல்லாவிட்டால் இடம் போகும். காத்தாயி சிரித்தாள். “வேற்றுமையா? தினம் படுறதுதானே, சாமி.”

மறுநாள் எழுந்து நின்றாள். “எழுவாய், ரேக்ஸ். வளையவில்லை, மகாராஜா.” பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினாள். “நீங்க தினமும் யாரைப் புகழ்றீங்க, சாமி? லத்தீன்ல வருமா? வராட்டி விடுங்க.”

“எனக்கா வராது? ரேகெம்!”

“யாருடைய சோறு?”

“ரேகிஸ்!”

“கும்பிடு யாருக்கு?”

“ரேகி!”

“சால்வை யாரால வந்துச்சு?”

“ரேகே!” என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எல்லாம் ஒலித்தாயிற்று, மகாராஜா. வளைத்த நாக்கு எதுவென்று சபையே கேட்டது.”

காவலன் கத்தியை எடுத்தான். காத்தாயி கையமர்த்தினாள். “வேண்டாம், மகாராஜா. அந்த நாக்கும் போனால் தங்களைப் புகழும் பாரம் என் தலையில் விழும்.”

ராஜா மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். “விளி வேற்றுமை பாக்கியிருக்கிறதே?”

“அதுவும் ரேக்ஸ்தான். குடிகள் கூப்பிடும்போது மட்டும் அரசன் வளைவதில்லை. லத்தீன்காரர்கள் பட்டுத்தான் இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.”

சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. ராஜா வெடித்துச் சிரித்தார். உடனே சபையும் சிரித்தது. அதுவும் ஒரு இலக்கணம்தான். நாக்கறுக்கும் ஆணை செத்தது. காத்தாயிக்கு ராஜாவின் தோள்வளையும், பண்டிதரின் வரிசைக்கும் மேல்வரிசையில் ஆசனமும் கிடைத்தன.

மறுநாள் கோட்டை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ராஜா உப்பரிகையிலிருந்து குனிந்து பார்த்தார். கொஞ்சம்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். பழக்கமில்லையே!